சமுதாய சுகாதார செவிலியராகப் பகுதி நேரப் பணியில் சேர்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையிலும் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஊர்களிலும் புதிதாகக் களப்பணிக்கு வரும் செவிலியர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பில் இருப்பதால், ஒரே விதமான ஐயங்கள் திரும்பத் திரும்ப என் காதில் விழுகின்றன. கேட்பவர்களில் பெரும்பாலோர் திருமணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பிறகு மருத்துவமனையின் இரவுப் பணியை விட்டவர்கள். சிலர் ஓய்வுபெற்ற பின்னும் உழைக்க விரும்புகிறவர்கள். அவர்கள் கேட்ட சொற்களையே கேள்விகளாக வைத்து, பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

நானும் நர்சிங்தான் படித்தேன். வார்டில் பார்த்த வேலைக்கும் ஃபீல்டில் பார்க்கும் வேலைக்கும் அப்படி என்ன வேறுபாடு?

வார்டில் நோயாளி உங்களைத் தேடி வருகிறார். அவருடைய படுக்கைக்கு எண் உண்டு, வேளைக்கு மருந்து உண்டு, ஐயம் எழுந்தால் கூப்பிடு தூரத்தில் மருத்துவர் உண்டு. களத்தில் நீங்கள் அவர் வீட்டுக்குப் போகிறீர்கள், தன்னை நோயாளி என்றே நினைக்காதவரும் உங்கள் பொறுப்பில் இருக்கிறார். சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது திட்ட அளவு. அந்த 5,000 பேருக்குள் கருவுற்றவர், கைக்குழந்தை, சர்க்கரை நோயாளி, இரண்டு வாரத்துக்கு மேல் இருமிக்கொண்டிருப்பவர், படுத்த படுக்கையாய் இருக்கும் முதியவர் என எல்லோரும் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே வேலையின் பாதி.

பகுதி நேரம் என்று உண்மையிலேயே ஒரு வேலை உண்டா, அல்லது பெயருக்கு அப்படிச் சொல்கிறார்களா?

கிராம சுகாதார செவிலியர் பணியிடம் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக நிரப்பப்படுவது. அது முழுநேரப் பணி. மாவட்ட நலவாழ்வுச் சங்கம் ஒப்பந்த அடிப்படையில் அழைக்கும் செவிலியர் பணிகளும், தொகுப்பூதியப் பணிகளாக இருந்தாலும், நாள் முழுவதும் இருக்க வேண்டியவையே. பகுதி நேர வாய்ப்பு பெரும்பாலும் வேறு இடங்களில் கிடைக்கிறது: வீட்டிலேயே வலி நிவாரணச் சிகிச்சை அளிக்கும் அறக்கட்டளைகள், முதியோரை வீட்டில் கவனிக்கும் தனியார் அமைப்புகள், பள்ளி, கல்லூரி, ஆலை ஆகியவற்றின் மருத்துவ அறைகள், குறிப்பிட்ட பகுதியில் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை நடத்தும் தொண்டு நிறுவனங்கள்.

பணி ஆணையைக் கையில் வாங்கி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தெந்தத் தெருக்கள் அல்லது ஊர்கள், உங்களுக்கு மேலே மருத்துவ முடிவெடுப்பவர் யார் என்ற மூன்றும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றாவது இல்லாத ஆணையை ஏற்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ஓரிரு மணி நேரம் வீடு வீடாகச் சென்று மருந்து கொடுத்து வருவதைப் பார்த்துவிட்டு, செவிலியர் வேலையும் அதே போன்றது என்று சிலர் எண்ணுகிறார்கள். தன்னார்வலரின் ஊக்கத்தொகைக்குச் செவிலியரின் பொறுப்பை யாரும் உங்கள் தலையில் ஏற்றக் கூடாது.

பிள்ளை வளர்ப்புக்காக ஆறேழு ஆண்டு வீட்டில் இருந்துவிட்டேன். என் பதிவு இன்னும் செல்லுமா?

மூன்றாண்டுப் பட்டயமோ நான்காண்டுப் பட்டமோ, எதைப் படித்திருந்தாலும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் பேறுகாலப் பணியாளர் மன்றத்தில் செல்லுபடியாகும் பதிவு இல்லாமல் பணியில் சேரக் கூடாது. பதிவை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதால், ஆறேழு ஆண்டு இடைவெளி விட்டவரின் பதிவு பெரும்பாலும் காலாவதியாகியிருக்கும். வேலை தேடுவதற்கு முன்பே அதைப் புதுப்பித்துவிடுங்கள். திருமணத்துக்குப் பின் பெயரின் முதலெழுத்து மாறியிருந்தால் அதையும் அப்போதே சரிசெய்துகொள்ளுங்கள்.

பதிவைவிட முக்கியமானது இடைப்பட்ட காலத்தில் மாறியவற்றைத் தெரிந்துகொள்வது. தடுப்பூசி அட்டவணையில் ரோட்டா, நியுமோகாக்கல், தோலுக்குள் போடும் போலியோ ஊசி ஆகியவை சேர்ந்துள்ளன, தட்டம்மை ஊசி இப்போது ரூபெல்லாவும் சேர்ந்த ஊசியாகிவிட்டது, கருவுற்றவர்களுக்கு டி.டி. ஊசிக்குப் பதில் டெட்டனஸ், டிப்தீரியா இரண்டுக்கும் சேர்ந்த ஊசி போடப்படுகிறது. பழைய நினைவில் பேசினால், தாய்மார்கள் கையிலுள்ள தாய் சேய் நல அட்டையே உங்களைத் திருத்தும். முதல் வாரத்திலேயே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு புதன்கிழமை முழுவதும் தடுப்பூசி அமர்வில் உடனிருந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.

பள்ளிக்கூட நேரத்தில் மட்டும், வாரம் மூன்று நாள் வரலாமா? எந்த நாள், எந்த நேரம் கேட்டு வாங்குவது?

உங்கள் வசதியோடு ஊரின் வசதியையும் பாருங்கள். மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் காலை பத்து மணிக்குப் போனால் நூறு நாள் வேலைக்கும் வயலுக்கும் போனவர்களின் பூட்டிய வீடுகளைத்தான் பார்ப்பீர்கள். அங்கே காலை ஏழரை முதல் ஒன்பது வரை பயனுள்ள நேரம். செல்லூர், ஆரப்பாளையம் போன்ற நகரப் பகுதிகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பெண்கள் சற்று உட்காரும் பத்தரை மணி நல்ல நேரம். சித்திரைத் திருவிழா நாட்களிலும் ஊர்ப் பொங்கல், கும்பிடு நாட்களிலும் வீட்டுப் பார்வை நடக்காது. அந்த வாரத்தின் வேலையை முன்கூட்டியே முடித்துவையுங்கள்.

மூன்று நாட்களில் ஒன்று புதன்கிழமையாக இருப்பது நல்லது, ஏனெனில் அன்று தடுப்பூசிக்காகத் தாய்மார்கள் ஒரே இடத்தில் கூடுவார்கள். போக்குவரத்தைப் பொறுத்தவரை, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது குறைந்த ஊதியத்தில் பணிபுரிபவர்களுக்குப் பெரிய உதவி.

வீட்டு வாசலில் போய் நின்று என்ன பேசுவது? முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்திவிட்டால்?

முதல் நாளில் எதையும் பரிசோதிக்க முனையாதீர்கள். பெயர், எங்கிருந்து வருகிறீர்கள், எந்தெந்தக் கிழமை வருவீர்கள் என்ற மூன்றைச் சொல்லி, வீட்டில் மூத்தவர் எவரோ அவரிடம் நலம் விசாரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். “நர்சம்மா செவ்வாய்க்கிழமை வரும்” என்று தெருவில் பேச்சு பரவிய பிறகு கதவுகள் தாமாகத் திறக்கும். சொன்ன கிழமையில் நீங்கள் போகாவிட்டால் அந்தப் பேச்சு ஒரே வாரத்தில் நின்றுவிடும். ஆகவே பகுதி நேரப் பணியாளர் நாள் மாற்றுவதை முழுநேரப் பணியாளரைவிட அதிகமாகத் தவிர்க்க வேண்டும்.

கதவைச் சாத்துபவரிடம் வாதாட வேண்டாம். பல வீடுகளில் மறுப்புக்குப் பின்னால், முன்பு ஏதோ ஒரு மருத்துவமனையில் பட்ட அவமதிப்பு இருக்கும். பெரியவர்களை ‘ஐயா’, ‘அம்மா’ என்றும், தெருவில் எல்லோரும் ‘அப்பத்தா’ என்று அழைப்பவரை அப்படியே அழைத்தும், கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தும் பழகினால், அந்த மனக்காயம் மெல்ல ஆறும். எல்லா வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். ஒரு தெருவில் குடித்து இன்னொரு தெருவில் மறுத்தால், ஏன் என்று ஊருக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் 130 என்று வந்த பி.பி. வீட்டில் பார்த்தால் 160 என்று வருகிறது. மிஷின் பழுதா?

மிஷினைக் குறை சொல்லும் முன் அவர் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். திண்ணையில் காலைத் தொங்கவிட்டு, முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல், கையை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு, எதிர்வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டே இருந்தால் அளவு கூடத்தான் வரும். சுவரோரமாக நாற்காலியைப் போட்டு, கால் தரையில் படும்படி உட்காரவைத்து, முழங்கைக்குக் கீழே தலையணை ஒன்றை வைத்துக் கையை நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்துங்கள். டீ குடித்தோ வெற்றிலை, புகையிலை போட்டோ அரைமணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். சட்டைக் கையின் மேல் பட்டையைச் சுற்றாதீர்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினாலும் அளவு பொய்யாக உயரும்.

சற்று இடைவெளி விட்டு இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். ஒருமுறை 140/90-ஐத் தாண்டிவிட்டதால் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு என்று நீங்கள் முத்திரை குத்தக் கூடாது. வேறொரு நாளும் பார்த்து, மருத்துவரிடம் அனுப்பி, அவர் உறுதிசெய்ய வேண்டும். 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள். கூடவே நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஒருபக்கம் கைகால் இழுத்தல் ஏதேனும் இருந்தால் 108-ஐ அழைக்கத் தாமதிக்கக் கூடாது.

சர்க்கரை மாத்திரையை “நல்லாத்தானே இருக்கேன்” என்று நிறுத்திவிடுகிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

கண்டிப்பதால் பயனில்லை, அடுத்த முறை மாத்திரை சாப்பிட்டதாகப் பொய் சொல்வார்கள், அவ்வளவே. மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொல்லி, எத்தனை குறைந்திருக்கிறது என்று சேர்ந்து பாருங்கள். நிறுத்தியதற்கு உண்மையான காரணம் ஒன்று இருக்கும்: வயிற்றைப் புரட்டுகிறது, மருந்து தீர்ந்துபோனது, விரதம் இருந்தார், மருமகளிடம் கேட்கக் கூச்சம். காரணம் தெரிந்தால்தான் மருத்துவரிடம் சொல்ல முடியும்.

இன்சுலின் போடுபவராக இருந்தால் மருந்தை எங்கே வைத்திருக்கிறார் என்று கண்ணால் பாருங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், தண்ணீர் நிறைத்த மண்பானைக்குள் மருந்துக்குப்பி நனையாதபடி வைக்கச் சொல்லலாம். மதுரைக் கோடையில் ஓட்டுக்கூரைக்கு அடியில் அலமாரியில் வைத்த மருந்து வீணாகிவிடும். வயிற்றில் ஊசி போடும் இடத்தைத் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் போட்டுப் போட்டுக் கட்டி தட்டியிருந்தால், அங்கே போடும் மருந்து ஒழுங்காக உடலில் சேராது. மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருப்பவருக்கு வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதை வீட்டிலுள்ள இன்னொருவருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள், ஏனெனில் அது நடக்கும்போது நீங்கள் அங்கே இருக்கப்போவதில்லை.

தடுப்பூசி முகாமுக்கு உதவிக்குப் போகச் சொல்கிறார்கள். ஊசி போடத் தெரியும். வேறு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

மருந்து கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு முதல் எட்டு டிகிரி வரையே அதற்கு ஏற்ற வெப்பநிலை. வெயிலுக்குப் பயந்து, உறைந்த ஐஸ் பேக்கை எடுத்தவுடன் கேரியரில் அடுக்குவது தவறு. ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பெண்டாவேலன்ட் போன்ற ஊசிமருந்துகள் உறைந்தால் பயனற்றுப்போகும். ஐஸ் பேக் வெளியே வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் ஒலி கேட்ட பிறகே அடுக்க வேண்டும். குப்பி மேலுள்ள, வெப்பம் பட்டால் நிறம் மாறும் குறியில் உள்சதுரம் வெளிவட்டத்தைவிட வெளிறியிருந்தால் பயன்படுத்தலாம். இரண்டும் ஒரே நிறமானால் ஒதுக்கிவிட வேண்டும். கரைத்த பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி), தட்டம்மை ரூபெல்லா மருந்துகளை நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதால், கரைத்த நேரத்தைக் குப்பியிலேயே எழுதுங்கள்.

போட்ட பிறகு அரைமணி நேரம் குழந்தையை அங்கேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். என்ன ஊசி, என்ன நோய்க்கு, காய்ச்சலோ வீக்கமோ வந்தால் என்ன செய்வது, அடுத்து எப்போது வருவது, அட்டையைப் பத்திரமாக வைப்பது ஆகியவற்றை ஒவ்வொரு தாயிடமும் சொல்லுங்கள். கூட்டம் அதிகமான நாளில் முதலில் விட்டுப்போவது இந்தப் பேச்சுதான். அதன் விளைவு அடுத்த மாதம் வராத குழந்தைகளின் பட்டியலில் தெரியும்.

பழக்கமானவர்கள் “அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி, ஒரு ஊசி போட்டு விடுங்க” என்கிறார்கள். மறுத்தால் வருத்தப்படுவார்களே?

மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டு இல்லாமல் எந்த ஊசியும் போடக் கூடாது. வருத்தம் ஆறிவிடும், ஒவ்வாமையால் வீட்டுத் திண்ணையில் ஒருவர் மயங்கி விழுந்தால் அதை ஈடுசெய்ய வழியில்லை. “எழுதி வாங்கி வாருங்கள், நானே வந்து போடுகிறேன்” என்று சொன்னால் மறுப்பாகவும் தோன்றாது. போட்ட ஊசிகளை வீட்டுக் குப்பையில் போடாமல், குத்தினால் துளைபடாத பெட்டியில் இட்டு நிலையத்துக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

நான் வராத நாளில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் அது என் பொறுப்பா?

இந்தத் தொகுப்பில் நான் மிகவும் முக்கியமானதாகக் கருதுவது இந்தக் கேள்வியைத்தான். பகுதி நேரப் பணியில் ஆபத்து நேர்வது நீங்கள் இருக்கும் நாட்களில் அல்ல. நீங்கள் போன பிறகு அடுத்தவர் வரும் வரையுள்ள இடைவெளியில். அந்த இடைவெளியை நீங்கள் எழுதிவைக்கும் குறிப்பால் மட்டுமே நிரப்ப முடியும். “புண் பரவாயில்லை” என்று எழுதினால், வியாழக்கிழமை வருபவருக்கு அது எதையும் சொல்லாது.

ஒரு நல்ல குறிப்பு இப்படி இருக்கும்: “வயது 72, சர்க்கரை நோய். இடது குதிகாலில் புண், இரண்டு செ.மீ. அகலம், சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. திங்கள் காலை கட்டு மாற்றப்பட்டது. வியாழனன்று ஓரம் கறுத்திருந்தாலோ நாற்றம் இருந்தாலோ காத்திருக்காமல் மேலூர் அரசு மருத்துவமனைக்கு அனுப்பவும். மகன் காலை எட்டு மணிக்கு முன் வீட்டில் இருப்பார்.” கண்டது, செய்தது, அடுத்து கவனிக்க வேண்டியது, எந்த நிலையில் அனுப்புவது, யாரிடம் பேசுவது என ஐந்தும் இதில் உள்ளன. நாள் முடிந்து கிளம்பும் முன் இதற்கென இருபது நிமிடம் ஒதுக்குங்கள்; அந்த இருபது நிமிடமும் பணி நேரத்தில் சேர்த்தி என்று மேலே இரண்டாம் கேள்வியில் சொன்ன பணி ஆணையிலேயே எழுதி வாங்குங்கள்.

வீட்டாரிடமும் ஒரு தாள் கொடுத்து வையுங்கள். உங்கள் தனிப்பட்ட எண்ணைவிட, 108, மருத்துவ ஆலோசனைக்கான 104 ஆகியவற்றையும் நிலையத்தின் எண்ணையும் அதில் பெரிதாக எழுதுங்கள். எந்நேரமும் உங்களையே அழைக்கப் பழக்கிவிட்டால், நீங்கள் அழைப்பை எடுக்க முடியாத ஓர் இரவில் அவர்கள் விடியும் வரை காத்திருப்பார்கள்.

கருவுற்ற பெண்ணுக்கு 18 வயது ஆகவில்லை என்று தெரிகிறது. வெளியே சொல்லக் கூடாது என்று குடும்பம் கெஞ்சுகிறது. என்ன செய்ய வேண்டும்?

பதினெட்டு வயது நிரம்பாதவர் எவரும் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குழந்தையே. திருமணம் ஆகிவிட்டது என்பதால் அது மாறாது. குற்றம் நடந்திருப்பதை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. தெரிவிக்காமல் இருப்பது 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. நீங்கள் தனியாக முடிவெடுக்க வேண்டாம். அன்றே மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள், சொன்ன நேரத்தைக் குறித்துவையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது.

ஆனால் சட்டம் ஒருபக்கம் இருக்க, அந்தப் பெண் உங்கள் நோயாளியாகவும் இருக்கிறாள். இள வயதுக் கர்ப்பத்தில் இரத்தசோகையும் இரத்த அழுத்தமும் கூடுதல் அபாயம். புகார் என்ற அச்சத்தில் குடும்பம் அவளை வேறு ஊருக்கு அனுப்பி மறைத்துவிட்டால், பரிசோதனையே இல்லாமல் போய்விடும். “தெரிவிப்பது என் கடமை, பரிசோதனை எதுவும் நிற்காது, நான் கூட இருப்பேன்” என்று இரண்டையும் ஒரே மூச்சில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்துப் பிறகு தெரியவருவதைவிட அதுவே நேர்மை.

“ஸ்கேனில் என்ன குழந்தை என்று மட்டும் சாடையாகச் சொல்லுங்களேன்” என்று கேட்டால்?

சொல்லாலோ சைகையாலோ வேறெந்த வகையிலோ கருவின் பாலினத்தைத் தெரிவிப்பதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 1980-களில் பெண் சிசுக்கொலைச் செய்திகளால் உசிலம்பட்டியின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. இந்த மாவட்டத்தில் பணிபுரியும் செவிலியர் இக்கேள்விக்குச் சிரித்துக்கூட மழுப்பக் கூடாது. யார் வீட்டில் இரண்டு பெண் குழந்தைகளுக்குப் பிறகு மூன்றாவது கர்ப்பமோ, அந்த வீட்டுக்கு அடிக்கடி போங்கள். பேறுகாலம் முடிந்த பிறகும் போங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் “அவருக்கு என்ன வியாதி, டி.பி.யா?” என்று கேட்கிறார். நம் நலத்துக்காகத்தானே கேட்கிறார்?

நலத்துக்காகக் கேட்டாலும் சொல்லக் கூடாது. “யார் வீட்டில் என்ன என்பதை நான் எங்கும் பேசுவதில்லை, உங்கள் வீட்டு விஷயத்தையும் அப்படித்தான்” என்றால் போதும். காசநோயாளி வீட்டுக்குப் போகும்போது வாசலில் நின்று சளிப் பரிசோதனை, மாத்திரை என்று உரக்கப் பேசாதீர்கள். அரசு அவருக்கு மாதந்தோறும் வழங்கும் ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பர் முதல் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. அது அவருடைய வங்கிக் கணக்கில் ஏறுகிறதா என்று விசாரிப்பதும் உங்கள் வேலை. எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

ஊசி கையில் குத்திவிட்டால்? நாய், வெயில், ஆள் நடமாட்டமில்லாத தெரு என்றெல்லாம் பயமாக இருக்கிறது.

பணியில் சேரும் முன்பே மஞ்சள்காமாலை ‘பி’ தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் போட்டுக்கொள்ளுங்கள். ஊசி குத்திவிட்டால் பிதுக்காமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே மருத்துவ அலுவலரிடம் தெரிவித்து, ராஜாஜி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது. 72 மணி நேரத்துக்குப் பிறகு அது பயன்படாது. வெட்கப்பட்டு மறைப்பவர்கள்தான் அந்த நேரத்தை இழக்கிறார்கள்.

மற்றவற்றுக்கு: புறப்படும் முன் அன்று போகும் தெருக்களின் பெயரை நிலையத்தில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். சித்திரை, வைகாசியில் பதினொரு மணிக்கு மேல் நடக்காதீர்கள். குடித்திருக்கும் ஆண்கள் மட்டுமே உள்ள வீட்டுக்குள் நுழையாதீர்கள். வாசலிலிருந்தே திரும்பி, உடன் ஒருவரோடு பிறகு வாருங்கள். நாய் கடித்தால், சிறு கீறலாக இருந்தாலும், பதினைந்து நிமிடம் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி அன்றே ஊசியைத் தொடங்க வேண்டும்.

சொந்த ஊரிலேயே வேலை கிடைக்கிறது. ஏற்கலாமா?

வழி தெரியும், முகம் தெரியும், பேச்சு தெரியும் என்பவை உதவி. ஆனால் பெண்கள் கருத்தடை, வெள்ளைப்படுதல், கணவன் அடிப்பது போன்றவற்றை உறவுக்காரப் பெண்ணிடம் சொல்லத் தயங்குவார்கள், டி.பி. கேள்விக்குச் சொன்ன மறுமொழியை உங்கள் சித்தியிடமும் மாமியாரிடமும் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் தெருவுக்கு அப்பாலுள்ள குடியிருப்பில் நீங்கள் காலடி வைப்பதையே சிலர் பேசுவார்கள். அந்தக் குடியிருப்புக்குத்தான் முதல் நாளே போக வேண்டும் என்பதால், அது உங்களால் இயலுமா என்று வீட்டாரோடு பேசி முடிவெடுங்கள். இயலாது என்று தோன்றினால் பக்கத்து ஊரைக் கேட்டு வாங்குங்கள். பேருந்தில் அரைமணி நேரத் தொலைவே போதுமானது.